மொட்டைத் தென்னையின் கிளிக்குஞ்சுகள்

என் வீட்டுக்காரர் மூன்று கிளிக்குஞ்சுகளை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு, அதன் வாயை என் பழைய பாவாடைத் துணியால் கட்டி, ஆபீஸ் ஜீப்பின் பின்சீட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனார். அப்போது நான் வீட்டில் இல்லை. இருந்திருந்தால் அந்த ஜீப் நகர்ந்திருக்காது. இத்தனை வருஷம் கழித்து எழுத உட்கார்ந்தாலும் முதலில் அந்தப் பாவாடைத் துணிதான் கண்ணில் வந்து நிற்கிறது. நான் காவல் காத்ததை என் துணியிலேயே மூட்டை கட்டியிருக்கிறார். அந்த மனுஷனுக்கு அது உறைக்கக்கூட இல்லை.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் செங்கல்பட்டில், ஏரிக்கரைப் பக்கம், ஒரு தெருவின் கடைசி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். எனக்குச் சொந்த ஊர் மகாபலிபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம். அவருக்குப் படாளம் பக்கம். என் அப்பா கட்டுமரத்தில் போனவர். என் வீட்டுக்காரரின் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். என் வீட்டுக்காரர் கடலோரத்தில் ரோடு போடும் லாரி ஓட்டிக்கொண்டிருந்த நாளில் எங்களுக்குப் பழக்கமாகி, இரண்டு பக்கத்திலும் யாருக்கும் பிடிக்காமல் நடந்த கல்யாணம். என் அம்மா ஒருத்திதான் கொஞ்ச நாள் கழித்து என்னை வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டாள். அவருக்குச் செங்கல்பட்டில் ஓர் அரசாங்க ஆபீசில் ஜீப் டிரைவர் வேலை கிடைத்தது. டெம்பரரிதான். எங்கள் வீட்டில் காலையிலிருந்து இரவு வரை ஓதப்பட்ட மந்திரம் ஒன்றே ஒன்று, 'பர்மனென்ட்.'

அந்த வீட்டின் பின்னால் கொஞ்சம் இடம் கிடந்தது. முள்ளும் உடைந்த ஓடும் மண்டியிருந்தன. ஒரு கொய்யா மரம், ஒரு முருங்கை, இடி விழுந்து தலை போன ஒரு தென்னை. மட்டை இல்லை, காய் இல்லை, வெறும் கம்பம். வீட்டுச் சொந்தக்காரம்மா, "வெட்டி அடுப்பெரிச்சிக்கோ" என்று சொல்லியிருந்தாள். வெட்டுவதற்கு ஆள் பிடிக்காமல் நாள் போய்க்கொண்டிருந்தது.

குப்பத்தில் எனக்குத் தெரிந்த பறவைகள் காக்காயும் பருந்தும்தான். இரண்டும் மீனைத் திருடும். கருவாடு காயவைத்த மணலில் ஒரு கழியை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, வருகிறதையெல்லாம் விரட்டுவதுதான் சின்ன வயதில் என் வேலை. சிறகு வைத்த எதையும் கூப்பிட்டுச் சோறு போடலாம் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு கோடையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தேங்கிய சோப்புத் தண்ணீரை ஒரு கொண்டைக்குருவி குடித்துக்கொண்டிருந்தது. தலையில் கறுப்பாகச் சின்னக் கொண்டை, வாலுக்கு அடியில் சிவப்பு. சோப்புத் தண்ணீரையா குடிக்கிறது என்று எனக்கு மனசு கேட்கவில்லை. உடைந்த பானையின் அடிப்பாகத்தைக் கொய்யா நிழலில் வைத்து நல்ல தண்ணீர் ஊற்றினேன். அவ்வளவுதான் ஆரம்பம்.

கிணற்றில் வாளி தரைதட்டுகிற வருஷங்கள் அவை. பாத்திரம் கழுவிய தண்ணீர் முருங்கைக்கு, நான் குளிக்கிற தண்ணீர் கொய்யாவுக்கு, குடத்தில் மிஞ்சியது பறவைக்கு. சோறு போட்டுப் பார்த்தேன். காக்காய்கள் கூட்டமாக வந்து சோற்றைத் தின்றதோடு நிற்காமல் மல்லிக்கொடிக்குள் இருந்த கொண்டைக்குருவியின் முட்டையையும் தின்றுவிட்டுப் போயின. அதிலிருந்து காக்காய்க்கு வாசல் பக்கம், மற்றதுக்குத் தோட்டம் என்று பிரித்தேன். தோட்டத்தில் சோறு கிடையாது. நொய்யும் கம்பும் மட்டும். கூடு கட்டுகிற காலத்தில் பழைய தலையணையைப் பிரித்து இலவம்பஞ்சைக் கிளையில் சொருகி வைப்பேன். தையல்சிட்டு அதை இழுத்து இழுத்துக்கொண்டு போய், கொடியில் இரண்டு இலையைச் சேர்த்துத் தைத்து உள்ளே திணிக்கும். குஞ்சு பொரித்த பிறகு நொய்யைத் திரும்பிக்கூடப் பார்க்காது, புழுவாகப் பொறுக்கிக்கொண்டு போகும். அதனால் கொய்யா இலையில் புழு விழுந்தால் நான் மருந்து தூவுவதில்லை. கொய்யா ஓட்டை ஓட்டையாகக் காய்த்தது. அதற்கும் ஏச்சு வாங்கினேன்.

ஏச்சைவிட எரிச்சலூட்டியது இரக்கம். கல்யாணமாகி நாலு வருஷம் எனக்குக் குழந்தை இல்லை. தெருவில் யார் வந்து அந்தத் தண்ணீர்ச் சட்டியைப் பார்த்தாலும் உடனே என் வயிற்றைப் பார்ப்பார்கள். "பாவம், மனசு எதுலயாவது ஓடணும் இல்ல" என்பார்கள். அடுத்த வீட்டு அக்கா இட்லிக்கடை வைத்திருந்தவள். வெளிப்படையாகப் பேசுவாள். என் குருவிகள் அவள் காயவைத்த அரிசியைத் தின்கின்றன என்று தினமும் சண்டைக்கு வருவாள். அந்தச் சண்டை எனக்குப் பிடிக்கும். அதில் இரக்கம் இல்லை.

அந்த மொட்டைத் தென்னையில் ஒரு மரங்கொத்தி முதலில் துளை போட்டது. அது போனபிறகு அந்த இடத்துக்கு ஒரு மைனா ஜோடிக்கும் ஒரு கிளி ஜோடிக்கும் நடந்த சண்டை இருக்கிறதே, தெருக் குழாயில்கூட அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. கிளிகள் ஜெயித்தன. கழுத்தில் சிவப்பு வளையம் போட்ட ஆண்கிளி கொய்யாவில் உட்கார்ந்து காவல் காக்கும். பெண்கிளி துளையிலிருந்து தலையை மட்டும் நீட்டி எட்டிப் பார்க்கும். நான் கம்புக்கதிரைக் கயிற்றில் கட்டிக் கொய்யாக் கிளையில் தொங்கவிட்டு அடுப்படிக்குள் போய் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். ஆண்கிளி ஒரு காலால் கதிரைப் பிடித்துத் தின்றுவிட்டு, துளைக்குப் பறந்துபோய், தின்றதைக் கக்கிப் பெண்கிளியின் வாயில் ஊட்டும்.

இதை என் வீட்டுக்காரரும் பார்த்தார். அதுதான் எனக்குப் பொறுக்காதது. பார்க்காதவர் செய்திருந்தால் தெரியாமல் செய்தார் என்று சொல்லிவிடலாம். ஒருமுறை படாளம் போய்விட்டு வரும்போது யாரோ உறவுக்காரர் கொல்லையிலிருந்து ஒரு கட்டுக் கம்புக்கதிரை சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். "உன் கிளிக்கு" என்றார். நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று இப்போது நினைத்தால் எனக்கே என் மேல் ஆத்திரம் வருகிறது.

மாசியில் குஞ்சுகள் சத்தம் போட ஆரம்பித்தன. மரத்தில் காதை வைத்தால் உள்ளே ஏதோ அரைக்கிற மாதிரி கிர்கிர்ரென்று கேட்கும். அந்தச் சமயத்தில் மாசிமகம் வந்தது. அன்று சாமி கடலாடக் குப்பத்துக் கரைக்கு வரும், போகாமல் இருந்தால் அம்மா வருத்தப்படுவாள். அவரிடம் சொன்னேன்.

"சட்டில தண்ணி ஊத்து. கதிர எறவானத்துல சொருகி வெச்சிக்கிறேன், தெனம் ஒண்ணு கட்டு. பூன வந்தா வெரட்டு."

"எல்லாம் பாத்துக்கிறேன், நீ போய்ட்டு வா" என்றார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து ஏற்றிவிட்டார்.

நான் திரும்பி வந்தபோது மத்தியான வெயில். தெருமுனையிலேயே கிளிகள் கத்துவது கேட்டது. கிளி சாதாரணமாகவே கத்துகிற ஜாதிதான். ஆனால் இது வேறு. நிறுத்தாமல், மூச்சு விடாமல், ஒன்று விட்டால் இன்னொன்று. பையை வாசலில் போட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினேன். தென்னையின் துளையைக் கத்தியால் கொத்திப் பெரிசாக்கியிருந்தார்கள். ஒரு கை தாராளமாக நுழைகிற அளவு. அடியில் செதில் செதிலாக மரத்தூள் விழுந்து கிடந்தது. இரண்டு கிளிகளும் கம்பத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்துகொண்டிருந்தன. பெண்கிளி துளையில் வந்து உட்காரும், உள்ளே தலையை விடும், வெளியே எடுத்துக் கத்தும்.

அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

"யாருக்கா?"

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"யாருன்னு சொல்லுக்கா."

"வேற யாரு? உன் வூட்டுக்காரருதான். நேத்து காலைல ஒரு மரமேறிய இட்டாந்து எடுக்க சொன்னாரு. ஆபீசரு வூட்டுக்குன்னு சொல்லிகினு ஜீப்புல எத்துகினு போய்ட்டாரு. அப்பலேந்து இதுங்க ரெண்டும் கத்திகினே கீது. எனக்கே வயிறு எரியுது."

ஆபீசரின் மனைவி, அந்த ஆபீசரம்மாவுக்குத் தன் பெண்ணுக்காக ஒரு பேசும் கிளி வேண்டும். ஜீப்பில் போகும்போது சொல்லியிருக்கிறாள். யாரிடம் கேட்கிறாள் என்றுகூடத் தெரியாமல் பொதுவாகச் சொல்லியிருப்பாள். இவர் உடனே, எங்கள் வீட்டு மரத்திலேயே இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் அன்று சாயங்காலம் அவர் வாயாலேயே கேட்டேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, ஏதோ நல்ல காரியம் முடித்துவிட்டு வந்தவர்போலச் சொன்னார்.

"இன்னாயா பண்ணி வெச்சிக்கிற நீ?"

"இப்ப இன்னா ஆயிடுச்சி? கிளிதான? அடுத்த வருசம் திருப்பி வெக்காதா?"

"நா இல்லாத நேரம் பாத்து எடுத்துக்கிறியே, கேட்டியா என்ன ஒரு வார்த்த?"

"கேட்டா நீ குடுப்பியா?"

"மாட்டேன்."

"அதுக்குத்தான் கேக்கல."

அவர் ஒளித்துப் பேசவில்லை. குற்றம் செய்ததாகவே அவருக்குத் தோன்றவில்லை.

"பர்மனென்ட் லிஸ்டு போட்டுகினு கீறாங்க" என்றார். "அந்த அம்மா ஒரு வார்த்த சொன்னா என் பேரு ஏறும். எங்க நைனா மாதிரி நானும் கைகட்டிகினு நிக்கணுமா? ரெண்டு குருவிக்காக என்ன பேஜாரு பண்ணாத."

அவர் பயம் எனக்குத் தெரியாதது இல்லை. அவர் அப்பா வரப்பில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்ததை அவர் பார்த்து வளர்ந்தவர். அந்த வேலை கையைவிட்டுப் போனால் என்ன ஆகும் என்ற நினைப்பில் தூக்கத்தில்கூடப் பல்லைக் கடிப்பார். எல்லாம் தெரியும். ஆனால் அந்தப் பயத்தைக் கொண்டுபோய் ஆபீசரிடம் காட்டாமல், திருப்பிக் கேட்க முடியாத இடமாகப் பார்த்துக் காட்டியிருக்கிறார். மரத்திலிருந்து எடுக்கலாம், என்னிடமிருந்து எடுக்கலாம். இரண்டுக்கும் வாயில்லை என்பது அவர் கணக்கு.

அன்று நான் அடுப்புப் பற்றவைக்கவில்லை. அவர் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் அவர் ஆபீசுக்குப் போனதும் புடவையை மாற்றிக்கொண்டு ஆபீசர் குவார்ட்டர்சுக்கு நடந்தேன். போகும் வழியெல்லாம் எப்படிக் கேட்பது என்று மெதுவாக, பணிவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அம்மா, தெரியாமல் கொடுத்துவிட்டார், தயவுசெய்து திருப்பிக் கொடுங்கள், தாய்க்கிளி கத்துகிறது. சண்டைக்குப் போகவில்லை நான். இதை அழுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் பிறகு ஊரில் வேறு மாதிரி பேசினார்கள்.

ஆபீசரம்மா கெட்டவள் மாதிரி இல்லை. "டிரைவர் சம்சாரமா? உள்ளே வாம்மா" என்று வராண்டாவில் கூப்பிட்டு நிறுத்தினாள். அட்டைப்பெட்டி அங்கேயே, ஊஞ்சலுக்குப் பக்கத்தில், என் பாவாடைத் துணியோடு இருந்தது. பக்கத்தில் புதுக் கம்பிக்கூண்டு ஒன்று. பெட்டிக்குள் இரண்டு குஞ்சுதான் இருந்தன. உடம்பில் பாதி தோல், பாதி முள்முள்ளாக முளைக்கிற இறகு. மேலெல்லாம் பால்சோறு காய்ந்து ஒட்டிக்கிடந்தது. பக்கத்தில் ஒரு பச்சைமிளகாய்.

"மூணு இருந்திச்சிங்களே?"

"ஒண்ணு நேத்தே போயிடுச்சு. பால்சோறு கொடுத்தோம், முழுங்கத் தெரியலை. வேலைக்காரி குப்பையிலே போட்டுட்டா. இதுங்க ரெண்டும் பிழைச்சுக்கும்னு நினைக்கிறேன். மிளகாய் போட்டா சீக்கிரம் பேச்சு வருமாமே?"

நான் மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னேன். தாய்க்கிளி இன்னும் மரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, இன்றைக்கே கொண்டுபோய் வைத்தால் சேர்த்துக்கொள்ளும், இவை கையால் ஊட்டிப் பிழைக்கிற வயசில்லை என்று சொன்னேன்.

அவளுக்கு நான் சொல்வது புரியவே இல்லை. "உன் வீட்டுக்காரன்தானே கொண்டுவந்து கொடுத்தான்? நாங்க கேட்கக்கூட இல்லையே" என்றாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். குரலைத் தணித்து, தோளைத் தொட்டு, "உனக்குக் குழந்தை இல்லேன்னு அவன் சொல்லியிருக்கான். மனசு இப்படித்தான் எதிலாவது போய் ஒட்டிக்கும். ஒரு நல்ல டாக்டரைப் பாரேன்" என்றாள்.

அவர் சொல்லியிருக்கிறார். ஜீப்பில், இவளிடம், என் வயிற்றைப் பற்றி.

நான் குனிந்து பெட்டியைத் தூக்கினேன். அவ்வளவுதான். யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். தூக்கிய பிறகுதான் தூக்கியது தெரிந்தது. படி இறங்கும்போது அவள் பெண் கதவருகில் நின்று, "என் கிளி, என் கிளி" என்று அழுதது. ஆறேழு வயசிருக்கும். அந்தக் குழந்தையைப் பார்த்து எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதினால் படிக்கிறவர்களுக்குப் பிடிக்கும். வரவில்லை. செத்துப்போன குஞ்சுக்காக அது அழவில்லை என்றுதான் அப்போது தோன்றியது. ஆபீசரம்மா கேட் வரை வந்து, "ஏய், வை அதை! திருடி!" என்று கத்தினாள். கூர்க்கா எழுந்து நின்றான். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டான்.

பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைத்தெரு வழியாகவே வந்தேன். சந்து வழியாக வந்தால் திருடி என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். வீட்டில் கொஞ்சம் கம்பங்கூழ் இருந்தது. ஈர விரலில் தொட்டுத் தொட்டு அலகுக்குள் வைத்தேன். ஒன்று முழுங்கியது. இன்னொன்று கழுத்தைத் தொங்கப்போட்டுக் கிடந்தது. அதன் அலகைப் பிரித்து வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அதுவும் முழுங்கியது.

"அக்கா, வெள்ளையடிக்கிற ஏணி கீதே, அத குடு" என்று வேலிக்கு மேல் கத்தினேன்.

அவள் ஏணியையும் கொண்டு வந்தாள், தானும் வந்தாள். "உளுத்த மரம்டி, வுழுந்து சாவப்போற" என்று திட்டிக்கொண்டே ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கொத்திப் பெரிசாக்கிய துளை அப்படியே இருந்தால் காக்காய் வந்து தூக்கிவிடும். கீழே கிடந்த மரத்தூளை வாரி உள்ளே போட்டு, குஞ்சுகளை ஒவ்வொன்றாக விட்டு, துளையின் பாதியை ஒரு தகரத்தால் மறைத்து, தாம்புக்கயிற்றைக் கம்பத்தைச் சுற்றி இழுத்துக் கட்டினேன். முடிச்சு போடுவதில் நான் குப்பத்துக்காரி, அவிழாது. ஆண்கிளி என் தலைக்கு மேலேயே கத்திக்கொண்டு போய் வந்தது. ஒருதடவை சிறகு என் காதில் பட்டது. அதற்கு நானும் மரமேறியும் ஒன்றுதான்.

அவர் பொழுது சாயும்போது நடந்து வந்தார். ஜீப் இல்லை. முகம் கறுத்துப்போயிருந்தது.

"எங்கடி அது?"

நான் மரத்தைக் காட்டினேன்.

"ஆபீசு பூராவும் சிரிக்குது. உன்ன திருடின்னு சொல்லிச்சி அந்த அம்மா, ஆபீசுக்கே வந்து எல்லார் எதுருலயும். நா தல குனிஞ்சிகினு நின்னேன்."

"எனக்குக் கொழந்த இல்லன்னு சொன்ன பாரு, அப்ப குனிஞ்சியா?"

ஏணி இன்னும் மரத்தில் சாய்ந்திருந்தது. அவர் போய் அதன்மேல் ஒரு காலை வைத்தார். "எடுத்துகினு போய்க் குடுத்துட்டு, கால்ல வுழுந்துட்டு வரேன்."

"ஏறு" என்றேன். "ஏறி எடு. நா இப்பவே எங்கம்மா வூட்டுக்குப் போறேன். அப்பறம் நீ வந்து கூப்புட்டாலும் வரமாட்டேன்."

அக்கா வேலியோரம் நின்றதால் அவருக்குக் கை ஓங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். ஓங்கக்கூடியவர் இல்லை என்றும் சொல்லலாம். எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கொஞ்ச நேரம் காலை ஏணியிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு எடுத்துவிட்டு உள்ளே போனார்.

விடிந்ததும் நான் அடுப்படி ஜன்னலில் நின்றேன். இரண்டு கிளிகளும் கொய்யாவில் இருந்தன. கத்தவில்லை. உள்ளேயிருந்து குஞ்சுகளின் சத்தம் வந்தது. பெண்கிளி கம்பத்தின் உச்சிக்குப் போய், பக்கவாட்டில் மெதுவாக இறங்கி வந்து, தகரத்தைப் பார்த்ததும் வெருண்டு பறந்துவிட்டது. மறுபடி வந்தது. மறுபடி பறந்தது. அந்தத் தகரத்தைக் கட்டிய என் கையை வெட்டிப் போட்டால் என்ன என்று இருந்தது எனக்கு. வெயில் ஓட்டுக்கு ஏறின பிறகு ஒருதடவை வந்து, தகரத்தின் ஓரத்தை அலகால் கடித்துப் பார்த்தது. தலையை உள்ளே விட்டது. சத்தம் ஒரு நொடி நின்றது. அப்புறம் மாறியது. பசியில் கத்துகிற சத்தம் வேறு, வாயில் இரை விழும்போது வருகிற சத்தம் வேறு. கேட்டுப் பழகினவர்களுக்குத் தெரியும்.

நான் அழவில்லை. அடுப்பைப் பற்றவைத்துச் சோறு வடித்தேன். அவரைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. அவராகவே வந்து போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

இரண்டும் பிழைத்தன. பங்குனி வெயில் கடுமையாகும் முன் ஒருநாள் காலையில் இரண்டும் துளையை விட்டு வெளியே வந்து தொத்திக்கொண்டு நின்றன. மறுநாள் இல்லை.

அவர் பயந்ததும் நடந்தது. ஜீப்பிலிருந்து எடுத்து வேறு வேலைக்குப் போட்டார்கள். பர்மனென்ட் லிஸ்டில் அவர் பெயர் வரவில்லை. கிளிக்காகத்தானா, வேறு காரணமா, யாருக்குத் தெரியும்? கிளிக்காகத்தான் என்று அவர் வைத்துக்கொண்டார். பிறகு ஒரு தனியார் பஸ்ஸில் சேர்ந்து திருக்கழுக்குன்றம், மகாபலிபுரம் என்று ஓட்டினார். வேலை நல்ல வேலைதான். ஆனால் சண்டை வந்தால், "சர்க்கார் வேலைய கெடுத்தவ" என்பார். நான் கெடுத்தது வேலையை என்றால் அவர் கெடுத்தது எதை என்று ஒருநாள்கூட அவர் கேட்டுப் பார்த்ததில்லை.

ஒன்று மட்டும் அவர் ரொம்ப உற்சாகமாகச் சொன்னார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த அதே வாரம் ஆபீசரம்மா குருவிக்காரர்களிடம் வேறு கிளி வாங்கிவிட்டாளாம். "நீ கிழிச்சது இவ்ளோதான்" என்றார். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. வாங்கித்தான் இருக்கிறாளே, அப்புறம் எதற்கு என் மரம்? அது யார் வீட்டு மரத்திலிருந்து வந்தது? அதன் தாய் எந்தக் கொல்லையில் கத்திக்கொண்டிருந்தது?

அடுத்த வருஷம் கிளிகள் வரவில்லை. துளையில் மழைத்தண்ணீர் இறங்கி மரம் உள்ளே இற்றுவிட்டது. அந்த வருஷக் கடைசியில் எனக்குப் பெண் பிறந்தது. பார்க்க வந்தவர்களெல்லாம் ஒரே பாட்டைப் பாடினார்கள். "கிளிய காப்பாத்துன புண்ணியம்டி, வயிறு தொறந்துச்சி." எனக்கு மருத்துவமனைக் கட்டிலிலேயே எழுந்து கத்தவேண்டும் போலிருந்தது. என் வயிற்றுக்காகத் தண்ணீர் வைத்தேன் என்று முன்பு சொன்னார்கள். இப்போது வயிற்றுக்காகக் கிளியைக் காப்பாற்றினேன் என்கிறார்கள். குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு நான் பழையபடி நொய் தூவப் போனால், "இன்னும் எதுக்கு அது?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதை விட்டுவிட்டேன். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு கேட்கிறவர்களும் குறைந்தார்கள்.

காலம் போகப் போக அந்தக் கதை என் வீட்டுக்காரர் கையில் வேடிக்கைக் கதையாக மாறியது. நாலு பேர் கூடினால், "எங்க வூட்டுக்காரி ஆபீசர் வூட்டுல புகுந்து கிளி திருடினவ" என்று ஆரம்பிப்பார். நான் இடுப்பில் பெட்டியோடு நடந்ததை நடந்து காட்டுவார். ஏணிமேல் ஏறியதைச் சொல்லும்போது புடவையைத் தூக்கிச் சொருகுவது மாதிரி வேட்டியைச் சொருகுவார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மரமேறியைக் கூட்டி வந்தது யார் என்பது அந்தக் கதையில் வராது.

எழுபதுகள் முடிகிற சமயம், படாளத்தில் அவர் தம்பி பிள்ளைக்குக் காதுகுத்து. பந்தலில் பந்தி நடந்துகொண்டிருந்தது. நான் ரசம் ஊற்றிக்கொண்டு வந்தேன். அவர் நடு இலையில் உட்கார்ந்து அதே கதையை ஆரம்பித்தார். ஒருவர், "அண்ணாத்த, அந்த ஏணி மேட்டரச் சொல்லு" என்று எடுத்துக்கொடுத்தார்.

நான் ரச வாளியைக் கீழே வைத்தேன்.

"நா சொல்றேன்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"மூணு குஞ்சு. நா மாசிமகத்துக்குப் போய்கிறப்ப இவுரு ஆளு வுட்டு எடுத்தாரு. வேல பர்மனென்ட் ஆவணும்னு. ஒண்ணு செத்துப்போச்சி, குப்பையில போட்டாங்க. எனக்குக் கொழந்த இல்லன்னு அந்த அம்மாகிட்ட சொன்னதும் இவுருதான். ரெண்ட நா தூக்கிகினு வந்து வெச்சேன். அதான் கத. இதுல எங்க சிரிக்கணும்னு சொல்லுங்க, நானும் சிரிக்கிறேன்."

அந்த ஆள் இலையைப் பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தார். என் மாமியார் தூரத்திலிருந்து, "இன்னாடி இது, நல்ல நாளும் அதுவுமா" என்றாள். என் வீட்டுக்காரர் வாயில் வைத்த கவளத்தை மெல்லாமல் உட்கார்ந்திருந்தார். காது சிவந்திருந்தது. நான் வாளியை எடுத்து அடுத்த இலைக்கு ஊற்றப் போனேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் குழந்தைகள் தூங்கிவிட்டன. செங்கல்பட்டு நெருங்கியது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அந்தக் குஞ்சு செத்தது எனக்குத் தெரியாது" என்றார்.

"நீ கேக்கல" என்றேன்.

அந்தக் கதையை அவர் அதற்கப்புறம் யாரிடமும் சொன்னதில்லை. நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.